ஆண்டுக்கணக்கில் விடாத ஒருவர் நினைப்பு: ஹிப்னோதெரபி உதவுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலருக்கு ஒருவர் மேல் ஏற்பட்ட பித்து, அந்த உறவு தொடங்காமலே போனபிறகும், முறிந்து பல வருடம் ஆனபிறகும், இருவருக்கும் வேறு வேறு இடத்தில் கல்யாணம் முடிந்து குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறபோதும் கூட விடுவதில்லை. இதற்கு ஹிப்னோதெரபி (ஹிப்னாடிசத்தை வைத்துச் செய்யும் மனச் சிகிச்சை) உதவுமா என்று கேட்கிறவர்களுக்கான பதில்கள் இவை. உதவலாம், ஆனால் விளம்பரங்களில் சொல்கிற விதத்தில் இல்லை.

பத்து வருடமாக ஒருவரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இது காதலா, வியாதியா?

மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம் பட்டியலில் இப்படி ஒரு நோய் கிடையாது. ஆனால் அமெரிக்க உளவியலாளர் டோரதி டென்னாவ் 1970களில் நூற்றுக்கணக்கானவர்களிடம் அவர்கள் காதலைப் பற்றிக் கேட்டு, இந்த நிலையை மற்ற காதலிலிருந்து தனியாகப் பிரித்து ‘லிமரன்ஸ்’ என்று பெயர் வைத்தார். 1979ல் புத்தகமாகவும் எழுதினார். அவர் சொன்ன அடையாளங்களைப் படித்தால் பலருக்குத் தூக்கிவாரிப் போடும். கூப்பிடாமலே வந்து உட்காருகிற நினைப்பு, அவரும் நம்மை விரும்பவேண்டும் என்கிற தவிப்பு, அவர் போகிறபோக்கில் சொன்ன ‘சாப்பிட்டியா’வுக்குள் அர்த்தம் தோண்டுவது, அவருடைய குறைகள் கூட அழகாகத் தெரிவது.

இது நமக்குப் புதிதும் இல்லை. விரும்பியவள் கிடைக்காவிட்டால் பனைமடல் குதிரையில் ஏறி ஊர் நடுவே வந்து நிற்பேன் என்று மிரட்டுகிற ஆள் சங்கப் பாடல்களிலேயே இருக்கிறான். (இன்றைக்கு அதே வேலையைச் செய்தால் போலீஸ் வரும். அதைக் கீழே சொல்கிறேன்.)

காதலா இல்லையா என்று குழப்பமாக இருந்தால் உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு இப்போது என்ன கவலை, முதுகுவலி இருக்கிறதா, அப்பா அம்மாவோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா, போன வருடம் எதற்காக அழுதார்? எதுவும் தெரியாது, ஆனால் 2014ல் அவர் போட்டிருந்த நீலச் சட்டை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றால், நீங்கள் சுமந்துகொண்டிருப்பது ஒரு பழைய பிம்பம். அந்த ஆள் அந்தச் சட்டையிலிருந்து எப்போதோ வெளியே வந்துவிட்டார்.

மற்றவர்கள் ஆறு மாதத்தில் தேறிவிடுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு வருடம்?

டென்னாவ் கணக்குப்படி இது பொதுவாக ஒன்றரை வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை இருக்கும். முடிகிற வழிகளாக அவர் மூன்றைச் சொன்னார்: இருவரும் உண்மையாகவே சேர்ந்து வாழ்ந்து மயக்கம் தெளிவது, நம்பிக்கைக்குத் தீனியே கிடைக்காமல் பட்டினியில் அது வாடுவது, இன்னொருவர் மேல் திரும்பிவிடுவது. உங்களுக்குப் பத்து வருடம் ஆகியும் போகவில்லை என்றால், எங்கிருந்தோ தீனி வந்துகொண்டே இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்படவேண்டும்.

தீனி என்றால் பெரிதாக ஒன்றும் வேண்டாம், பிறந்தநாளுக்கு வருகிற ஒரு ‘தேங்க்ஸ்’ போதும். நடத்தையியல் ஆய்வாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில், ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் பெற்ற புறா, தானியம் நின்றதும் கொஞ்ச நேரத்தில் கொத்துவதை விட்டுவிட்டது; எப்போது வரும் என்று தெரியாமல் எப்போதாவது மட்டும் தானியம் பெற்ற புறாதான் நிறுத்தாமல் கொத்திக்கொண்டே இருந்தது. தெளிவாக ‘இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போனவரை மறப்பது வலித்தாலும் நடக்கிறது. மூன்று மாதம் மௌனம், பிறகு திடீரென்று நம் ஸ்டேட்டஸுக்கு ஒரு இதயம், மறுபடி நான்கு மாதம் மௌனம் என்று இருப்பவர்தான் ஆயுசு முழுக்க ஒட்டிக்கொள்கிறார்.

மூளையிலும் இதற்கு வேர் இருக்கிறது. 1999ல் இத்தாலியின் பீசா பல்கலைக்கழகத்தில் டொனாடெல்லா மராஸிட்டி குழுவினர், புதிதாகக் காதலில் விழுந்த 20 பேர், ஓசிடி (ஒரே நினைப்பும் செயலும் கட்டாயமாகத் திரும்பத் திரும்ப வருகிற நோய்) உள்ள 20 பேர், சாதாரணமாக இருக்கும் 20 பேர் ஆகியோரின் ரத்தத் தட்டணுக்களைச் சோதித்தார்கள். மூளையில் செய்தி கடத்தும் ரசாயனங்களில் ஒன்றான செரடோனினைக் கடத்துகிற புரதம் முதல் இரண்டு கூட்டத்திலும் ஒரே மாதிரி குறைந்திருந்தது. 2010ல் ஹெலன் ஃபிஷர், லூசி பிரவுன், ஆர்தர் ஆரன் ஆகியோர் காதலில் கைவிடப்பட்ட 15 பேருக்கு, விட்டுப்போனவரின் படத்தைக் காட்டி மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். போதை ஏக்கத்தோடு தொடர்புடைய பகுதிகள் விழித்துக்கொண்டன. ஆகவே ‘மனசு வைத்தால் மறக்கலாம்’ என்று அறிவுரை சொல்கிறவர்களிடம் ரொம்ப வாதாடவேண்டாம், அவர்களுக்கு இது வந்ததில்லை, அவ்வளவுதான்.

நினைக்கவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தாலும் முடியவில்லையே?

முடியாது. 1987ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் மாணவர்களை ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காமல் இருக்கச் சொன்னார், நினைவு வந்தால் மணி அடிக்கவேண்டும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதன்பிறகு ‘இப்போது நினைக்கலாம்’ என்றபோது, முதலிலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள். வைராக்கியத்தை நினைப்பின் மேல் காட்டாமல் விரலின் மேல் காட்டுங்கள். நினைப்பு வரட்டும், அவர் பெயரைத் தேடுகிற விரல் மட்டும் நிற்கட்டும். ஹிப்னோதெரபியில் நடக்கவேண்டிய வேலையும் பெரும்பாலும் இதுதான்.

ஹிப்னாடிசம் என்றால் வசியம் செய்வதுதானே?

இல்லை. மைக் பிடித்துக்கொண்டு மேடையில் ஆட்களைக் கோழி மாதிரி கூவ வைக்கிற நிகழ்ச்சிகள் கிளப்பிவிட்ட பயம் இது. தோற்றுவாயில் கொஞ்சம் மாயம் இருந்தது உண்மைதான். 18ஆம் நூற்றாண்டில் மெஸ்மர் என்பவர் உடலில் ஏதோ காந்தத் திரவம் ஓடுவதாகச் சொல்லிக்கொண்டு பாரிஸில் வைத்தியம் பார்க்க, 1784ல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், லவாய்சியே இருந்த விசாரணைக் குழு அப்படி ஒரு திரவமே இல்லை, எல்லாம் கற்பனையின் வேலை என்று அறிக்கை கொடுத்தது. ஆனால் கற்பனைக்கு அவ்வளவு வலு இருக்கிறதே என்பதுதான் பிறகு வந்தவர்களுக்குச் சுவாரசியமாகப் போயிற்று. 1843ல் ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர் காந்தத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரே இடத்தில் குவிந்த கவனம்தான் காரணம் என்று எழுதினார். 1845ல் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற மருத்துவர் வங்காளத்தில் ஹூக்ளியில் மயக்க மருந்து இல்லாமல், மெஸ்மர் வழி வந்த முறையை வைத்தே பெரிய பெரிய கட்டிகளை அறுத்து எடுத்தார். அடுத்த வருடம் கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு சோதனை மருத்துவமனை கூட நடந்தது.

இன்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஹிப்னாடிசப் பிரிவு தருகிற விளக்கத்திலும் மாயம் இல்லை: கவனம் குவிந்து, சுற்றியுள்ளவற்றின் உணர்வு குறைந்து, சொல்லப்படும் யோசனைக்கு மனம் கூடுதலாக இசைகிற நிலை. மெகாசீரியல் பார்க்கிறபோது அடுப்பில் பால் பொங்குவது காதில் விழாமல் போகிறதே, அதன் பக்கத்து வீடு.

தூங்கிவிடுவேனா? ரகசியத்தை உளறிவிடுவேனா?

தூக்கம் இல்லை. தெரு ஹாரன் சத்தம் கேட்கும், மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளலாம், பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம். சொல்ல விரும்பாததைச் சொல்ல வைக்கிற சக்தி இதற்குக் கிடையாது, வேண்டுமென்றால் பொய் கூடச் சொல்லலாம்.

‘ஒரே சிட்டிங்கில் மறக்கடிக்கிறோம்’ என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். போகலாமா?

போகவேண்டாம். எளிதில் ஆழ்நிலைக்குப் போகும் சிலருக்கு, ஹிப்னாடிசத்தில் நடந்ததைத் தற்காலிகமாக நினைவுக்கு வராமல் செய்யமுடியும், ஆனால் அது ஒரு வார்த்தையில் திரும்பி வந்துவிடுகிற மறதி. ஒரு மனிதரையும் அவரோடு கழிந்த வருடங்களையும் அழிக்க எவராலும் முடியாது. அவர் பெயர் காதில் விழுந்தால் யாரென்று தெரியும், முகம் ஞாபகம் இருக்கும், அன்றைய ராத்திரித் தூக்கம் மட்டும் கெடாது. இதுதான் எதிர்பார்க்கவேண்டிய இலக்கு.

அப்படியானால் சிட்டிங்கில் என்னதான் நடக்கும்?

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். நல்ல தெரபிஸ்ட், நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பவர் எவ்வளவு நல்லவர் என்று நீங்கள் சொல்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ‘நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு என்ன செய்தீர்கள்’ என்று கேட்பார். பதில்கள் எல்லாம் ஒரே ஜாடையில் இருக்கும்: விளக்கை அணைத்தேன், போனை எடுத்தேன், வாட்ஸ்அப்பில் அவர் பெயரைத் தட்டினேன், ‘ஆன்லைன்’ என்று இருந்தது, இந்நேரத்தில் யாரோடு என்று யோசித்தேன், அவர் அக்காவின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குப் போனேன், வளைகாப்பு ஃபோட்டோவில் பின்வரிசையில் அவர் நிற்பதைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நிமிர்ந்தால் மணி ஒன்றரை. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தெரபிஸ்ட் எழுதிக்கொள்வார். கைவைக்கவேண்டிய இடம் அதில்தான் இருக்கிறது.

அப்புறம் ஹிப்னாடிசம். சாய்வு நாற்காலி, எதிர்ச் சுவரில் கண் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு புள்ளி. அதையே பார்த்தபடி இருந்தால் இமை தானாகக் கனக்கும். மூச்சை மெதுவாக விடச் சொல்லி, நெற்றி, தாடை, தோள் என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தி, பத்திலிருந்து கீழே எண்ணுவார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உடம்பு நாற்காலியில் கனமாகப் படிந்திருக்கும், மனம் மட்டும் தெரபிஸ்டின் குரலோடு போகும். அந்த நிலையில் நேற்று ராத்திரியை மறுபடி ஓட்டுவார். இருட்டு, போன் வெளிச்சம், அவர் பெயரின் முதல் எழுத்து. ‘தேடவேண்டும் போல எவ்வளவு இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்?’ எட்டு என்பீர்கள். தேடாமல் அந்த எட்டோடு இருங்கள் என்பார், அது உடம்பில் எங்கே இருக்கிறது என்பார். தொண்டையிலோ நெஞ்சிலோ ஓர் இறுக்கம் இருக்கும். அது ஏறி, ஒன்பதைத் தொட்டு, நீங்கள் ஒன்றும் செய்யாமலே ஆறுக்கும் நாலுக்கும் இறங்கும். இறங்குகிற அந்த நேரத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தச் சொல்வார். இதே ஒத்திகை பலமுறை நடக்கும், பிறகு நிஜ ராத்திரியில் விரலைச் சேர்த்தால் அந்த இறக்கம் நினைவுக்கு வரும் என்று யோசனை சொல்லி, ஒன்றிலிருந்து ஐந்து எண்ணி வெளியே கொண்டுவருவார். மொத்தம் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம்.

பின்வரும் சிட்டிங்குகளில் பிம்பத்துக்கு வருவார்கள். எல்லோரிடமும் ஒரு காட்சி இருக்கும், அதை மட்டும் வெட்டி எடுத்து வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருப்பார்கள். மழையில் பஸ் ஸ்டாப்பில் அவர் தன் குடையை நம் பக்கம் சாய்த்தது, அப்படி ஏதாவது. தெரபிஸ்ட் அதை முழு நீளத்தில் ஓட்டச் சொல்வார். குடை சாய்ந்தது, சரி. பஸ்ஸில் ஏறியதும் யாரோடு பேசிக்கொண்டு போனார்? அன்று இரவு அனுப்பிய மெசேஜுக்கு எப்போது பதில் வந்தது? அந்த வாரம் எத்தனை நாள் காத்திருந்தீர்கள்? வெட்டிப்போட்ட மிச்சக் காட்சிகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, குவிந்த கவனத்தில் அவை தெளிவாக வரும். முதல் தடவை இது கசக்கும், அழுகை கூட வரலாம்.

இதற்கெல்லாம் ஆராய்ச்சி ஆதாரம் இருக்கிறதா?

ஹிப்னாடிசத்துக்கு வலுவான ஆதாரம் உள்ள இடங்கள் வேறு. உடல் வலி ஒன்று, எரிச்சல் குடல் நோய் இன்னொன்று (மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் 1984ல் வெளியிட்ட சோதனையிலிருந்து தொடங்குகிறது). விடாத காதலுக்கு என்று அந்த அளவு ஆதாரம் கிடையாது, அதனால் ‘விஞ்ஞானபூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று எவராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

நம்பிக்கைக்குக் காரணம் பக்கத்துத் துறைகளில் இருக்கிறது. சிபிடி எனப்படும் சிந்தனை நடத்தைச் சிகிச்சையோடு ஹிப்னாடிசத்தைச் சேர்த்தால் பலன் கூடுகிறது என்று இர்விங் கிர்ஷ் குழு 1995ல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. காட்சியை முழு நீளத்தில் ஓட்டுவதற்கும் ஓர் ஆதரவு உண்டு: 2018ல் சாண்ட்ரா லாங்கஸ்லாக் என்ற ஆய்வாளர், காதல் முறிந்தும் தவித்துக்கொண்டிருந்த 24 பேரிடம் முயன்றபோது, முன்னாள் காதலரின் குறைகளை யோசித்தவர்களுக்குக் காதல் உணர்வு குறைந்தது, ஆனால் மனநிலை கெட்டது, வேறு எதையாவது யோசித்து மனத்தைத் திருப்பியபோது மனநிலை தேறியது, காதல் அப்படியே இருந்தது. நண்பர்கள் உங்களைக் கொடைக்கானலுக்கு அழைத்துப் போய்விட்டு வந்த திங்கட்கிழமையே எல்லாம் பழையபடி ஆவதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை.

எல்லோருக்கும் பலிக்குமா?

இல்லை. 1959ல் ஸ்டான்ஃபோர்டில் ஹிப்னாடிசத்துக்கு இசைகிற தன்மையை அளக்க ஓர் அளவுகோல் செய்தார்கள். அப்படிப்பட்ட அளவுகோல்களில் பத்துப் பேரில் ஒருவர், மிஞ்சினால் ஒன்றரைப் பேர் மிக எளிதாக ஆழ்ந்துபோகிறார்கள், அதே அளவு பேர் கிட்டத்தட்ட அசைவதே இல்லை, மிச்சப் பேர் நடுவில். அசையாதவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை, மேலே சொன்ன ஒத்திகையை விழித்திருந்தே சிபிடி முறையில் செய்யலாம். ஒரு கசப்பான வேடிக்கை, பகல்கனவில் மணிக்கணக்காக மூழ்கிப்போகிறவர்கள் சிலர் ஹிப்னாடிசத்திலும் நன்றாக மூழ்குவார்கள். பிம்பத்தைக் கட்டிய கற்பனையே அதைப் பிரிக்கவும் பயன்படும்.

முன் ஜென்ம பந்தம், ‘டுவின் ஃபிளேம்’ (ஒரே ஆத்மாவின் இரண்டு பாதி) என்கிறார்களே, அதைப் பார்த்துவிட்டு வரலாமா?

தயவுசெய்து வேண்டாம். போன ஜென்மத்தில் அவர் உங்கள் கணவர், தஞ்சாவூர் பக்கம் ஏதோ ஒரு கோயில் வாசலில் பிரிந்தீர்கள் என்று ஆழ்நிலையில் ஒரு காட்சி தோன்றினால், கண்ணீரோடு தோன்றினால், அதை நினைவு என்றே மனம் எடுத்துக்கொள்ளும். நடக்காத சம்பவத்தைக் கூட, ஒருவர் மெதுவாக எடுத்துக் கொடுத்தால், நடந்ததாக நினைவு வைத்துக்கொள்வார்கள் என்று நினைவாற்றல் ஆய்வாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1990களில் காட்டிவிட்டார். சின்ன வயதில் கடைத்தெருவில் தொலைந்துபோனதாகச் சொன்ன பொய்க் கதையைச் சிலர் விவரங்களோடு ‘ஞாபகப்படுத்தி’ச் சொன்னார்கள். இருக்கிற பத்து வருடமே போதாதா, முந்தின ஜென்மத்தையும் சேர்த்துக் கட்டவேண்டுமா? ‘அவர் இப்போது உங்களை நினைக்கிறாரா’ என்று சீட்டு எடுத்துப் பார்க்கிற யூடியூப் வீடியோக்களும் இதே வகைத் தீனிதான், அவற்றில் பதில் எப்போதும் ‘ஆமாம், சீக்கிரம் பேசுவார்’.

அவர் என் ஆபீசிலேயே இருக்கிறார். பார்க்காமல் எப்படி இருப்பது?

பார்க்காமல் இருக்கமுடியாது, பேச்சை வறட்சியாக்கலாம். வேலை விஷயம் மெயிலில், டீ வேறு நேரத்தில், அவர் ஸ்டேட்டஸை மியூட்டில். உங்கள் ஸ்டேட்டஸை அவர் பார்த்தாரா என்று பட்டியலில் தேடுகிறீர்கள் என்றால் அவருக்கு அதை மறைத்துவிடுங்கள், அல்லது கொஞ்ச காலம் ஸ்டேட்டஸே வேண்டாம். இடமாற்றம் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

ஒரு தடவை மனம் விட்டுச் சொல்லிவிட்டால் தீருமா?

இருவருமே தனியாள், இதுவரை சொன்னதே இல்லை என்றால் சொல்லலாம். தெளிவான ‘இல்லை’ கூட மருந்துதான். ஏற்கெனவே ‘இல்லை’ என்று சொல்லிவிட்டார் என்றால் மறுபடி கேட்பது காதலில் சேராது. இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவுப்படி, விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பெண்ணைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வதும், அவர் இணையத்தில் என்ன செய்கிறார் என்று கண்காணிப்பதும் குற்றம், முதல் தடவைக்கு மூன்று வருடம் வரை சிறை. புதுப்புது நம்பரிலிருந்து மெசேஜ் அனுப்புகிற நிலைக்கு வந்துவிட்டீர்கள் என்றால் இன்றே உதவி தேடுங்கள்.

‘ஒரு கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்’ என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். வருகிறவர், தினம் துணி காயப்போடுகிற, சில நாள் எரிந்துவிழுகிற நிஜ மனிதர். போட்டியோ குறையே இல்லாத பிம்பத்தோடு. அவர் எப்படி ஜெயிப்பார்? ஆறு மாதமாவது சிகிச்சை, தொடர்பில்லாமை இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு எடுக்கிறேன் என்று தள்ளிப்போடுங்கள். ஏற்கெனவே திருமணமானவர்கள் துணையிடம் எல்லாவற்றையும் கொட்டவேண்டுமா என்று கேட்பார்கள். குற்ற உணர்ச்சி தாங்காத ஒரு ராத்திரியில் கொட்டாதீர்கள், முதலில் தெரபிஸ்டிடம் பேசி, எதை, எதற்காகச் சொல்கிறோம் என்று தெளிவானபிறகு சொல்லுங்கள்.

யாரிடம் போவது?

இந்தியாவில் ‘ஹிப்னோதெரபிஸ்ட்’ என்று போர்டு மாட்ட உரிமம் தேவையில்லை, வார இறுதிப் பயிற்சிச் சான்றிதழோடு கூட மாட்டலாம். அதனால் அடிப்படைப் படிப்பைப் பாருங்கள்: இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவான கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அல்லது மனநல மருத்துவர், அவர் ஹிப்னாடிசத்தையும் ஒரு கருவியாக வைத்திருப்பவராக இருந்தால் நல்லது. பதிவு எண்ணைக் கேட்கத் தயங்கவேண்டாம். உடலைத் தொடவேண்டிய அவசியம் இந்தச் சிகிச்சையில் இல்லை. தொட்டாலோ, மொத்தத் தொகையையும் முன்கூட்டியே கேட்டாலோ, உங்கள் மாத்திரையை நிறுத்தச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள். கூட ஒருவரை அழைத்துப்போய் வெளியே உட்காரவைப்பதும், சிட்டிங்கை ஆடியோவாகப் பதிந்து வாங்குவதும் சாதாரண விஷயங்கள்.

ஹிப்னோதெரபி ஒத்துவராதவர்கள் யார்?

‘அவரும் என்னைத்தான் விரும்புகிறார், டிவியில் பேசும்போது எனக்குத்தான் சாடை சொல்கிறார்’ என்று அசைக்கமுடியாத உறுதியோடு இருப்பவருக்கு முதலில் வேண்டியது மனநல மருத்துவர். இதை டி கிளெராம்போ என்ற பிரெஞ்சு மருத்துவர் நூறு வருடம் முன்பே விவரித்திருக்கிறார், அது வேறு நோய். காதில் குரல் கேட்பவர்களுக்கும் அப்படியே. நினைப்போடு சேர்த்து, பூட்டைப் பத்துமுறை இழுத்துப் பார்ப்பது, கை கழுவுவது மாதிரி வேறு கட்டாயங்களும் இருந்தால் ஓசிடிக்குச் சோதித்துக்கொள்ளுங்கள், அதற்கு நன்றாக வேலை செய்கிற மருந்தும் நடத்தைச் சிகிச்சையும் உண்டு. வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் சிட்டிங் தேதிக்குக் காத்திருக்காதீர்கள்: இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926, இரண்டிலும் தமிழில் பேசலாம்.

வீட்டிலேயே செய்துகொள்ள ஏதாவது இருக்கிறதா?

இரண்டு மூன்று சிட்டிங்குக்குப் பிறகு உங்கள் ஆடியோவை வைத்து தினம் கால் மணி நேரம் செய்யலாம். படுக்கையில் செய்தால் தூங்கிவிடுவீர்கள், நாற்காலியில் செய்யுங்கள். போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டு, அலாரத்துக்கு ஒரு சாதாரணக் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சங்கிலியில் ‘போனை எடுத்தேன்’ என்ற கண்ணியை இது ஒன்றே உடைத்துவிடுகிறது. ஒரு நோட்டில் ஒரு நாளைக்கு எத்தனை முறை தேடினீர்கள் என்று கோடு போட்டு வையுங்கள். எத்தனை முறை நினைத்தீர்கள் என்று எண்ணவேண்டாம், அது வெள்ளைக் கரடி வேலை.

தேறிக்கொண்டு வந்தது, திடீரென்று அவர் மெசேஜ் அனுப்பினார், மறுபடி எல்லாம் கிளம்பிவிட்டது. வீணா?

வீணில்லை. நின்றுபோன பழக்கம் ஒரு தீனி கிடைத்ததும் குபுக்கென்று எழும், ஆனால் புதிதாகத் தீனி போடாவிட்டால் இந்தத் தடவை முன்பைவிடச் சீக்கிரம் அடங்கும். பதில் அனுப்பவேண்டியது அவசியம் என்றால் மறுநாள் பகலில், நாலு வார்த்தையில், கேள்வி எதுவும் வைக்காமல் அனுப்புங்கள். தெரபிஸ்டுக்குப் போன் செய்து ஒரு சிட்டிங் கேளுங்கள். அந்த மெசேஜ் வந்த நிமிடத்தை வைத்தே அடுத்த ஒத்திகையைச் செய்வார்.